பன்னிரண்டாவது பிளக்குக்கு அப்பால்

பன்னிரண்டு எண்களைத்தான் தட்டியிருந்தான். திரையில் பதின்மூன்று வந்தன.

வல்லரசு நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டு விரலை வைத்து எண்ணினான். மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு, மைனஸ் பத்தொன்பது, திராட்சை ஏற்றிய பெட்டிக்கு மட்டும் பிளஸ் ஒன்று, பிறகு மறுபடி மைனஸ் பதினெட்டுகள். எல்லாம் கூட்டாளி தாவூது வாக்கிடாக்கியில் சொல்லச் சொல்ல இவன் புரோகிராமுக்குள் ஏற்றியவை. அவற்றுக்குக் கீழே, யாரும் சொல்லாத, இவன் தட்டாத ஒன்று தனியாக நின்றது.

36.9.

மழை பிடித்ததில் மாலையே இருட்டிவிட்டது. கேபின் என்பது பழைய கன்டெய்னர் ஒன்றில் ஜன்னலும் கதவும் வெட்டி வைத்ததுதான். தகரக் கூரையில் விழும் மழை தலைக்குள்ளேயே விழுவது போலிருக்கும். அந்தச் சத்தத்துக்கு அடியில், நாளெல்லாம் நிற்காமல், வெளியே வரிசையாக நிற்கும் ரீஃபர் பெட்டிகளின் கம்ப்ரசர்கள் முனகிக்கொண்டிருக்கும். உறைந்த இறாலும் மீனும் கப்பல் ஏறும்வரை கெடாமல் கிடக்கும் குளிர்ப்பெட்டிகள். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று அடித்தால் மூக்கை அரிக்கும் ரசாயன வாடை வரும். மழையில் அது அடங்கி, ஈரச் சாம்பலும் டீசலும் கழிவெளிச் சேறும் கலந்த வேறு ஒரு நாற்றம் கேபினுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வரிசையில் பன்னிரண்டு பிளக்குகள். பிளக்குக்கு ஒரு பெட்டி. பன்னிரண்டாவதுக்கு அப்பால் காம்பவுண்டுச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர். ஷிப்டுக்கு இரண்டு பேர். ஒருவன் பெட்டிபெட்டியாக நடந்து, முகப்பில் ஒளிரும் டிகிரியைப் படித்துச் சொல்ல, இன்னொருவன் கேபினில் உட்கார்ந்து குறித்துக்கொள்ள வேண்டும். மழை நாளில் இருவரும் சேர்ந்துதான் போக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கேபிள்கள் தண்ணீரில் கிடக்கும்.

இன்றைக்கும் ரவுண்டு கிளம்பும்போது வல்லரசு ரெயின்கோட்டை எடுத்தான். தாவூதுதான் பிடுங்கி ஆணியில் மாட்டினான்.

"நாளைக்குப் பரிச்சைய வச்சிக்கினு இவரு மழைல நனையப் போறாராம். குந்து மாமு. அந்தப் பொட்டில இன்னாத்தையோ தட்டிகினு கீறியே, அத்த தட்டு. நான் போய்ட்டு ஒரே ஓட்டமா வந்துடறேன்."

"ரெண்டு பேருமா போவணும்டா."

"போன வாட்டியும் இத்தான் சொன்ன. அப்பால டெஸ்ட்ல கோட்ட விட்டுட்டு வந்து என் உசுர வாங்கின. நீ வேலை கெடைச்சி அம்பத்தூர் போனாத்தான்டா எனக்கு வேற தோஸ்து கெடைப்பான். போதும் உன் மூஞ்சி."

அம்பத்தூரில் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்யும் சின்னக் கம்பெனி. பட்டம் வேண்டாம், சி என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்தால் போதும், நாளைக்கு ஒரு தேர்வு என்றார்கள். வல்லரசு இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டவன். விடுவதற்குள் சி பேப்பரில் எத்தனை முறை விழுந்தான் என்பது அவனுக்கே மறந்துவிட்டது. இப்போது ஓர் ஓட்டை லேப்டாப்பும் டெலிகிராமில் 'சி பழகுவோம்' என்ற குழுவும்தான் கல்லூரி. அந்தக் குழுவில் யாரும் யாருக்கும் விடையை எழுதித் தர மாட்டார்கள். திரையைப் போட்டோ எடுத்துப் போட்டால் திட்டு விழும். எழுதிய புரோகிராமை முழுசாக, வந்ததை வந்தபடி ஒட்ட வேண்டும். யாராவது வந்து ஓட்டிப் பார்த்து, தப்பு எந்தப் பக்கம் என்று கையை மட்டும் காட்டுவார்கள்.

பயிற்சிக்கென்று அவனே கண்டுபிடித்த கணக்கு இது. பன்னிரண்டு டிகிரிகளை அரே என்ற அடுக்குக்குள் வரிசையாக வைத்து, லூப் போட்டு ஒவ்வொன்றாகத் திரையில் அச்சடிப்பது. ஒட்டினான். பதில் உடனே வந்தது. நர்மதா. பெரம்பூரில் இருக்கிறாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது.

"அண்ணா, லூப்பப் பாருங்க. சின்னது குறி பக்கத்துல சமக்குறி எதுக்கு? மெஷின் பூஜ்யத்துலேந்து எண்ணும். உங்களுக்கு இருக்கறது பன்னெண்டு வீடு. நீங்க பதிமூணாவது வீட்டுக் கதவத் தட்டறீங்க."

"பதிமூணாவது வூடே கெடயாதே" என்று தட்டினான்.

"வீடு கிடையாது. இடம் இருக்கும்ல? மெமரில உங்க அரே முடியற இடத்துக்கு அடுத்து வேற யாரோ எதையோ வச்சிருப்பாங்க. அதத்தான் எடுத்துக் காட்டுது. குப்பை. எது வேணா வரும்."

"குப்பை மாரி இல்லியே. ஜொரம் பாத்த மாரி கீது."

சிரிப்புப் பொம்மை ஒன்று வந்தது. "நான் ஓட்டிப் பாத்தேன், எனக்குப் பூஜ்யம் வருது. அத மாத்திட்டு பாயின்டர் பாடத்துக்குப் போங்க. நாளைக்குக் கண்டிப்பா கேப்பாங்க."

சமக்குறியை அழிக்க விரலைக் கொண்டுபோனான். அழிப்பதற்கு முன்னால், சும்மா, புரோகிராமை இன்னொரு முறை ஓட்டினான்.

36.6.

மழை ஒரு தரம் ஓங்கி அடித்துத் தணிந்தது. தணிந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. தாவூது பன்னிரண்டாவது பெட்டியைச் சொல்லி முடித்து நேரமாகிவிட்டது. அங்கிருந்து கேபினுக்கு ஒரு பீடி பற்றவைத்து முடிக்கும் தூரம்கூட இல்லை.

வாக்கிடாக்கியை எடுத்தான். "தாவூது. இன்னாடா, எங்க கீற?"

இரைச்சல்.

"மாமு. காமெடி பண்ணாத. டீ ஆறிப்போச்சு."

இரைச்சல் கொஞ்சமும் ஏறி இறங்காமல் அப்படியே இருந்தது. யாராவது பொத்தானை அழுத்தினால் ஒரு கிளிக் கேட்கும். அது கேட்கவில்லை. செல்லில் கூப்பிட்டான். கேபினுக்குள்ளேயே, சார்ஜரில் செருகியபடி, தாவூதின் செல் ஒளிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புவரை நகர்ந்து வந்தது.

அவனை அறியாமல் அவன் கை மறுபடி ஓட்டியது.

36.1.

குப்பை என்றால் தாறுமாறாக வர வேண்டும். ஒரு தடவை கோடி, ஒரு தடவை பூஜ்யம், ஒரு தடவை மைனஸ். இது படிப்படியாக இறங்குகிறது. இன்னொரு தடவை ஓட்டினான். அதே 36.1. கொஞ்சம் பொறுத்து ஓட்டினான். 35.8. பொறுத்தால்தான் இறங்குகிறது. ஓட்டுவதால் இறங்கவில்லை. அதுபாட்டுக்கு, தானே, எங்கோ இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஷிப்ட் பொறுப்பு லோகநாதனுடையது. அவர் முன்வாசல் அலுவலகத்தில் இருந்தார். வல்லரசு அவரைக் கூப்பிட்டபோது பின்னால் லாரி டிரைவர்கள் கத்திக்கொண்டிருப்பது கேட்டது.

"சார், தாவூத காணும் சார். ரவுண்டு போனவன் வர்ல."

"எங்கனா தம் அடிச்சிக்கினு இருப்பான். இங்க ரோட்ல முட்டிக்கால் தண்ணி, டிரெய்லரு பூரா நின்னுகினு கீது, இவன் ஒருத்தன்."

"தம்மு அடிக்க மாட்டான் சார் அவன்."

"அப்ப ஒதுங்கியிருப்பான். போய் நீயே பாரேன்டா, அதுக்கும் நான் வரணுமா? ரெண்டு பேரா போவச் சொன்னா நீ எதுக்கு உள்ள குந்தியிருந்த?"

வல்லரசு செல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

டார்ச்சோடு இறங்கினான். மழை பக்கவாட்டில் அடித்தது. பெட்டிகளின் விசிறிகள் மழைநீரை இழுத்துப் புகையாகத் துப்பின. ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் சிவப்பு எண், தரைத் தண்ணீரில் அதன் நிழல். முதல் பெட்டியின் பின்பக்கம் போய்க் கதவைப் பார்த்தான். சீல் இருந்தது. உள்ளங்கையால் தட்டிக் காதை ஒட்டினான். இரும்பின் குளிர் காதுமடலைக் கடித்தது. கம்ப்ரசரின் முனகல் எலும்புக்குள் வந்து போனது. வேறொன்றும் இல்லை.

இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றிலும் சீல் இருந்தது, ஒவ்வொன்றையும் தட்டினான், பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கேபிள்கள் தண்ணீருக்கடியில் கறுப்பாக நெளிந்து கிடந்தன. அவற்றை மிதிக்காமல் காலை எடுத்துவைத்து நடந்தான். பாதி வரிசைக்குப் பிறகு யார்டு விளக்கு எட்டாது. டார்ச் வெளிச்சத்தில் மழைக்கோடுகள்தான் தெரிந்தன.

பன்னிரண்டாவது பெட்டியைத் தாண்டிய இடத்தில், சிமென்ட் தரையில், தாவூதின் வாக்கிடாக்கி குப்புறக் கிடந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் வெறும் தரை. பிறகு சுவர். சுவரில் முள்கம்பி அறுபடவில்லை. சுவரின் மேல் டார்ச்சை அடித்துப் பார்த்தான். அந்தப் பக்கம் தண்ணீர் மழையில் கொதிப்பது போல் தெரிந்தது. அதில் எதுவும் மிதக்கவில்லை.

அந்த வெறுந்தரையில் மட்டும் குளிர் வேறு மாதிரி இருந்தது. மழையின் குளிர் இல்லை. பெட்டியைத் திறந்தால் முகத்தில் அறையுமே, உறைந்த இறாலின் வாடையோடு, அந்தக் குளிர். திறந்த கதவின் எதிரே நிற்பது போல நின்றான். எதிரே சுவர்தான் இருந்தது.

வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு கேபினுக்கு ஓடினான்.

33.4.

வேலைக்குச் சேர்ந்தபோது பாதுகாப்பு வகுப்பு ஒன்று எடுத்தார்கள். ஆளைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் என்ன ஆகும் என்று. எல்லாரும் பப்ஸ் தின்றுகொண்டே கேட்டார்கள். உடம்பின் சூடு முப்பத்தைந்துக்குக் கீழே போனால் நடுக்கம் கட்டுக்கடங்காது, பேச்சு குழறும், இன்னும் இறங்கினால் எங்கிருக்கிறோம் என்பது மறக்கும். முப்பதுப் பக்கம் வந்தால் நடுக்கம் நின்றுவிடும். நின்றதும் ஆள் தேறிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள் என்றார் வகுப்பு எடுத்தவர். அப்போது தாவூது காதருகில், "உன்ன உள்ள போட்டா இறாலுதான் பேஜாரு ஆவும் மாமு" என்றான். இருவரும் சிரித்ததற்கு வெளியே அனுப்பினார்கள்.

லோகநாதனை மறுபடி கூப்பிட்டான். "சார், அவன் உள்ள கீறான். பொட்டியத் தொறக்கணும். பன்னெண்டையும் தொறக்கணும்."

"இன்னாடா ஒளர்ற. எந்தப் பொட்டி?"

"தெரியாது சார்."

"சீலு இருக்குதா?"

"எல்லாத்துலயும் கீது சார்."

"சீலு இருந்தா எப்பிட்ரா உள்ள போவான்? கஸ்டம்ஸ் சீலு அது. வெட்டினா நீயும் நானும்தான் உள்ள போவோம்."

வல்லரசு அழுதான். அழுகிறோம் என்று தெரியாமல் அழுதான். எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதற்கு லேப்டாப்பில் வருகிறது என்று சொல்ல முடியவில்லை. "அவன் வாக்கிடாக்கி கீழ கெடந்துச்சு சார், வா சார், வந்து பாரு சார், உன் காலப் புடிக்கறேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் குரலில் எதையோ கேட்டிருக்க வேண்டும். லோகநாதன் லாரிக்காரர்களை அதட்டி அடக்கிவிட்டுப் பேசினார்.

"சரி. தீயணைப்புக்குச் சொல்றேன். கட்டர் எடுத்துகினு ஆளோட வரேன். தண்ணி நின்னுகினு கீது, நேரம் ஆவும். நீ எதையும் தொடாத."

32.0.

குழுவைத் திறந்தான். வந்த எண்களையெல்லாம் வந்த வரிசையில் ஒட்டினான். நர்மதா படித்துவிட்டாள் என்று குறி காட்டியது. பதில் வர நேரம் எடுத்தது.

"லேப்டாப்ல சென்சார் எதாவது மாட்டியிருக்கீங்களா அண்ணா?"

"இல்ல."

"நெட் மூலமா எதாவது படிக்குதா?"

"நீதான பாத்த. பத்து வரி புரோகிராம்."

"ஆமா." அடுத்த வரி தனியாக வந்தது. "அப்ப அது யாரோடது?"

"என் தோஸ்துது. கூட வேலை செய்றவன். காணும்."

எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள் என்று திரை காட்டியது. கடைசியில் ஒரு வார்த்தை வந்தது. "அண்ணா?"

30.6.

வெளியே தெருப் பக்கம் காதை வைத்தான். சைரன் இல்லை. தவளைகள். கம்ப்ரசர்கள். நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றான். நின்றபடி ஓட்டினான். அதே 30.6. தாவூதின் நடுக்கம் இப்போது நின்றிருக்கும். எங்கிருக்கிறோம் என்பது அவனுக்கு மறந்திருக்கும்.

இவனால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. கட்டர் இல்லை. எந்தப் பெட்டி என்று தெரியாது. எண் வருவதோ பெட்டியே இல்லாத இடத்திலிருந்து. கைக்கெட்டியது இந்த விசைப்பலகை ஒன்றுதான்.

"அந்த எடத்துல நான் ஒரு நம்பரு போட முடியுமா?" என்று கேட்டான்.

இதற்கு மட்டும் பதில் உடனே வந்தது.

"முடியும். சி தடுக்காது. அதுதான் அதுல பயமே. படிச்சா அங்க இருக்கறதுக்கு ஒன்னும் ஆகாது. எழுதினீங்கன்னா அங்க இருந்தது போயிடும், நீங்க எழுதினது மட்டும்தான் இருக்கும். வேணாம் அண்ணா. அது உங்க இடமே இல்ல."

29.1.

"ஆளுங்க வர வரைக்கும்" என்று எழுதினான்.

"வேணாம் ப்ளீஸ். என்ன நடக்குதுன்னு எனக்குப் புரியல. ஆனா வேணாம்."

28.3.

ஒரே வரி. அரேவின் பெயர். அதற்குப் பக்கத்தில், அதற்குச் சொந்தமில்லாத இடத்தின் எண். சமக்குறி. முப்பத்தேழு. முடிக்கும் அரைப்புள்ளியை வைத்தபோது விரல் வழுக்கியது. வேர்த்திருந்தது.

ஓட்டினான்.

37.0.

இதில் அதிசயம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். எழுதிய எண்தான் அச்சாகும். அந்த வரியை அழித்தான். பழைய புரோகிராமை அப்படியே வைத்து ஓட்டினான்.

37.0.

பொறுத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பொறுத்தான். ஓட்டினான். 37.0. இறங்கவில்லை. மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தாவூதின் ஆறிப்போன டீ வாடையை முகர்ந்துகொண்டு, சத்தம் போட்டு அழுதான்.

அப்போது வெளியே ரப்பர் கம்பூட்டு சத்தம் கேட்டது. தண்ணீரில், சளக், சளக் என்று. அவசரமில்லாத நடை.

கதவு திறந்தது.

தாவூது.

ரெயின்கோட் இல்லை. சட்டையிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. கொட்டும்போதே அவன் மேலிருந்து ஆவி எழுந்தது, சோற்றுப் பானையைத் திறந்தால் எழுமே, அப்படி. உள்ளே வந்து, கதவோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

"எங்கடா போன?" வல்லரசு அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "டேய். எங்கடா போய்த் தொலைஞ்ச, பாடு? செத்துட்டேன்டா நான்."

தாவூது அவனையே பார்த்தான்.

"சொல்லு" என்றான்.

"நீ சொல்றா. எந்தப் பொட்டில கெடந்த? யாரு தொறந்தது?"

"சொல்லு."

குரல் தாவூதுடையதுதான். ஆனால் வாக்கிடாக்கியில் கேட்பது போல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளின் குரலில் ஓர் ஈரம் இருக்கும். அது இல்லை.

வல்லரசு தோளிலிருந்து கையை எடுத்தான். உள்ளங்கையில் இதமான சூடு ஒட்டியிருந்தது.

வாசலில் பைக் வந்து நின்றது. லோகநாதன் மழைச்சட்டையோடு, பின்னால் கட்டர் தூக்கிய இரண்டு ஆட்களோடு, மூச்சு வாங்க உள்ளே தலையை நீட்டினார். ஸ்டூலைப் பார்த்தார்.

"இங்கதானடா குந்திகினு கீறான்! இன்னாடா இது, வெளையாட்டா? ஃபயரு வண்டிக்காரன் மேம்பாலம் வரைக்கும் வந்துட்டான்." தாவூதின் பக்கம் திரும்பினார். "எங்கடா போன நீ?"

"சொல்லு" என்றான் தாவூது.

"ம்க்கும். சார்னு ஒரு மரியாத வராது வாயில." நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "ஜொரம்கூட இல்ல, சரியாத்தான் கீது. மழைல மெர்சலாயிட்டான் போல. டீ கீ வாங்கிக் குடு. நாளைக்கு ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க, பேசிக்கறேன்."

"சார், போவாதீங்க சார். பொட்டியப் பாத்துடலாம் சார்."

"யாரத் தேடறதுக்கு?"

வல்லரசு ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தான். ஸ்டூலில் இருந்தவன் இவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். லோகநாதன் செல்லைக் காதில் வைத்து, "ஆள் கெடைச்சிட்டான் சார், வாணாம், திரும்பிக்கங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். பைக் சத்தம் மழையில் கரைந்தது.

பெட்டி திறக்கும்போது சரக்கின் சூட்டைத் தூரத்திலிருந்தே பார்க்கும் கருவி ஒன்று அலமாரியில் இருந்தது, துப்பாக்கி மாதிரி. வல்லரசு அதை எடுத்து, நீட்டினான்.

நெற்றி. 37.0.

ஈரச் சட்டை. 37.0.

ரப்பர் கம்பூட்டு. 37.0.

காலடியில் தேங்கிய மழைத் தண்ணீர். 37.0.

பின்வாங்கினான். மேசை இடுப்பில் இடித்தது. செல்லை எடுத்தான். எழுத்துகள் நழுவின. "அழிச்சதத் திருப்பி எடுக்க முடியுமா. அங்க முன்னாடி இருந்தத."

"முடியாது அண்ணா" என்று எழுதினாள் நர்மதா. "மேல எழுதியாச்சே. என்ன ஆச்சு? அவர் கெடைச்சிட்டாரா?"

அப்போதுதான் கேட்டது.

வரிசையின் கோடியிலிருந்து. மழைக்கும் கம்ப்ரசர்களுக்கும் நடுவில். உள்ளங்கையால் இரும்பை அடிக்கும் சத்தம். டம். டம். கொஞ்சம் பொறுத்து, டம்.

பன்னிரண்டாவதுக்கு அப்பால்.

கதவுக்கு ஓடினான். ஸ்டூலில் இருந்தவன் எழுந்தான். அவசரப்படவில்லை. எழுந்து நின்றதிலேயே கதவு மறைந்தது. வல்லரசின் மணிக்கட்டைப் பிடித்தான். இறுக்கவில்லை. ஆனால் அசையவில்லை. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. விரல்களில் நாடி இல்லை. சூடு மட்டும் இருந்தது. எங்கும் ஒரே சூடு.

டம்.

"வுட்றா. வுடு. அவன் அங்க கீறான். அவன் அங்க கீறான்டா."

பிடித்திருந்தவன் குனிந்து முகத்தை அருகில் கொண்டுவந்தான். அதையே மறுபடி கேட்க வாயைத் திறந்தான். டியூப்லைட் வெளிச்சம் நேராக உள்ளே விழுந்தது. பல் இல்லை. நாக்கு இல்லை. தொண்டை இல்லை. வல்லரசு எழுதாதது எதுவும் அங்கே இல்லை. அந்த வெறுமையிலிருந்து இளஞ்சூடு முகத்தில் வந்து பட்டது.

"சொல்லு."

டம்.

வல்லரசு இடது கையைப் பின்னால் நீட்டி விசைப்பலகையை எட்டினான். ஓட்டினான். 37.0. ஓட்டினான். 37.0.

வெளியே மழை விட்டுக்கொண்டிருந்தது. அதனால் இப்போது நன்றாகக் கேட்டது. ஒரு தட்டு. நெடுநேரம் கழித்து, பலமில்லாமல், விரல்நுனியால் தொட்டது போல் இன்னொன்று.

வல்லரசு அடுத்ததற்காகக் காது கொடுத்தான். மணிக்கட்டின் மேல் அந்தக் கை கதகதப்பாக இருந்தது.